முதியோர் இல்லங்களில் பராமரிப்பின் தரம்: அளப்பது எங்ஙனம்?

இந்தியாவில் அறுபது வயது நிறைந்தோரின் தொகை 2001-ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.66 கோடியாக இருந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 10.38 கோடியாக உயர்ந்தது. ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2023-இல் வெளியிட்ட இந்திய முதுமை அறிக்கையின் மதிப்பீட்டின்படி, 2050-ஆம் ஆண்டளவில் நாட்டு மக்களில் ஐவருள் ஒருவர் அறுபதைக் கடந்தவராக இருப்பார். பிள்ளைகள் தொழில் நிமித்தம் வேற்றூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்ட குடும்பங்களிலும், ஆதரிப்பார் எவருமில்லாத வறியோரிடையிலும் முதியோர் இல்லத்தின் தேவை வளர்ந்து வருகின்றது. இல்லங்கள் எத்தனை வேண்டும் என்பது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகின்றது. இருக்கின்ற இல்லங்களில் கிடைக்கும் பராமரிப்பு தரமானதா என்பதை எவ்வாறு அறிவது என்னும் கேள்வி அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை.

இக்கேள்வி எளிதன்று. பள்ளியின் தரம் தேர்வு முடிவுகளில் ஓரளவேனும் வெளிப்படும். மருத்துவமனையின் தரம் குணமடைந்து வீடு திரும்புவோரிடம் தெரியவரும். முதியோர் இல்லத்திலோ பெரும்பாலோர் வீடு திரும்புவதில்லை. இறப்பு சிறந்த இல்லத்திலும் நேர்கின்றது, மோசமான இல்லத்திலும் நேர்கின்றது. அங்கு வாழ்பவர் குறை கூறத் தயங்குவர்; ஏனெனில் எவரைப் பற்றிக் குறை கூறினாரோ அவர் கையிலிருந்தே அன்றிரவு உணவைப் பெற்றாக வேண்டும். மேலும், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் அறுபது வயது நிறைந்தோரில் 7.4 விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேரைப் பற்றியிருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் பலர் தமக்கு நேர்ந்தது இன்னதென்று எடுத்துரைக்கவும் இயலாதவர்கள். ஆகவே ஓர் இல்லத்தை மதிப்பிட முற்படுவோர், அங்கு நன்கு நடமாடிப் பேசக்கூடிய முதியவரின் நிலையை விட்டுவிட்டு, எழவும் பேசவும் இயலாத முதியவரின் நிலையையே முதற்கண் நோக்க வேண்டும்.

மூவகை இல்லங்கள்

இந்நாட்டில் முதியோர் இல்லம் என்பது புதிய அமைப்பன்று. ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் 1882-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் தம் பணியைத் தொடங்கினர். இன்று காணப்படும் இல்லங்களைப் பொதுவாக மூன்று வகையாகக் கொள்ளலாம். வறியோருக்குக் கட்டணமின்றி நடத்தப்படுபவை முதல் வகை. அரசும் அறநிலையங்களும் தொண்டு நிறுவனங்களும் இவற்றை நடத்துகின்றன. மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் உதவித் திட்டத்தில், ஆதரவற்ற முதியோர் 25 பேர் தங்கும் இல்லங்களுக்கு மானியம் வழங்கப்படுகின்றது; 1992 முதல் நடைபெற்றுவந்த இத்திட்டம் இப்போது அடல் வயோ அப்யுதய் யோஜனாவின் கீழ் இடம்பெற்றுள்ளது. மாதக் கட்டணம் பெறும் இல்லங்கள் இரண்டாம் வகை. ஓய்வு பெற்றோர் வீடு வாங்கியோ முன்பணம் கட்டியோ குடியேறும் குடியிருப்புகள் மூன்றாம் வகை. கோயம்புத்தூர், பூனா, பெங்களூர், டேராடூன் முதலிய நகரங்களை ஒட்டி இவை பெருகியுள்ளன.

மூன்றாம் வகையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அறுபத்தைந்து வயதில் நல்ல உடல்நலத்தோடு குடியேறுபவர் நூலகத்தையும் நடைபாதையையும் உணவுக்கூடத்தையும் பார்த்து முடிவு செய்கின்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, படுக்கையிலிருந்து எழ ஒருவர் கைகொடுக்க வேண்டிய நிலை வரும்போதுதான், தாம் வாங்கியது வீடே, பராமரிப்பு அன்று என்பது அவருக்குப் புலனாகின்றது. 2016-ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் கட்டடத்தின் விற்பனையைக் கண்காணிக்கின்றது. விற்றபின் தொடர வேண்டிய பணிவிடை அதன் எல்லைக்குள் முழுமையாக அடங்குவதில்லை. இதனைக் கருதியே மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டுநர், சேவை வழங்குநர், குடியேறுபவர் ஆகிய மூவரும் கையொப்பமிடும் முத்தரப்பு ஒப்பந்தம் அதன் முக்கிய கூறாகும். ஆனால் அது மாதிரியே. மாநிலங்கள் ஏற்று விதியாக்கினாலன்றிக் கட்டுப்படுத்தாது.

சட்டத்தின் நிலை

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறும் வழியாகவே அச்சட்டம் பலராலும் அறியப்பட்டுள்ளது. அதன் 19-ஆம் பிரிவு, மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் அமைத்து, குறைந்தது 150 வறிய முதியோருக்கு இடமளிக்கலாம் என மாநில அரசுகளுக்கு வழிகாட்டுகின்றது. அவ்வில்லங்களின் நிர்வாகத்திற்கும் சேவைத் தரத்திற்குமான திட்டத்தை வகுக்கவும் அதே பிரிவு இடந்தருகின்றது. இரண்டிடத்தும் 'லாம்' என்னும் விகுதியே ஆளப்படுகின்றது என்பது மாணவர் உற்று நோக்கத்தக்கது. தனியார் இல்லங்களைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரங்களை வரையறுக்கவும் வகை செய்த திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாயிற்று. நிறைவேறாமலே 2024-இல் அந்த அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. இடையில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அஸ்வனி குமார் வழக்கில், மாவட்டந்தோறும் உள்ள முதியோர் இல்லங்களின் விவரத்தைத் திரட்டுமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. எத்தனை இல்லங்கள் உள்ளன என்பதையே நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்றால், அவற்றின் தரம் பற்றிய தகவல் எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கட்டடமும் பணிவிடையும்

மருத்துவப் பணியின் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டோனபீடியன் என்னும் அறிஞர் 1966-இல் எழுதிய கட்டுரையொன்றில், தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று கோணங்களில் காணலாம் என்றார். அமைப்பு என்பது கட்டடம், கருவி, ஆட்கள். செயல்முறை என்பது நாள்தோறும் செய்யப்படும் பணி. விளைவு என்பது அப்பணியால் முதியவருக்கு நேர்ந்த நன்மை தீமை. நம் நாட்டு ஆய்வுப் படிவங்கள் பெரும்பாலும் முதற்கோணத்திலேயே நின்றுவிடுகின்றன. அறைகள் எத்தனை, கட்டில்கள் எத்தனை, சாய்தளம் உண்டா, தீயணைப்புக் கருவி உண்டா என்பன எண்ணுவதற்கு எளியவை. இவை வேண்டாதவை அல்ல. கழிப்பறையில் கைப்பிடி இல்லாத இல்லத்தில் வேறெதைப் பேசியும் பயனில்லை. எனினும் கைப்பிடி பொருத்தியிருப்பது, நள்ளிரவில் கூப்பிட்டால் ஆள் வருவார் என்பதற்குச் சான்றாகாது.

ஆட்கணக்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 48 முதியோர் வாழும் இல்லமொன்றில் 12 பராமரிப்புப் பணியாளர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஏட்டில் பார்த்தால் நால்வருக்கு ஒருவர், நல்ல விகிதமே. ஆனால் ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. ஒருவர் வாரத்திற்கு 48 மணி நேரம் பணி செய்தால், ஓரிடத்தில் இரவும் பகலும் ஓர் ஆள் இருப்பதற்கே மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பையும் நோயையும் சேர்த்தால் நான்கு பேருக்கு மேல் வேண்டும். எனவே 12 பேரைக் கொண்டு எந்நேரமும் பணியில் நிறுத்தக்கூடியவர் மூவருக்கும் குறைவே. அதாவது 16 முதியோருக்கு ஒருவர். பகலில் வருகையாளர் கண்ணுக்கு ஐவர் தென்பட வேண்டுமென்றால், இரவில் ஒருவரே எஞ்சுவார். மற்றொரு கணக்கும் பயன் தரும். அவ்வில்லத்தில் பத்துப் பேர் பிறர் துணையின்றிக் குளிக்க இயலாதவர் எனின், தலைக்கு இருபது நிமிடம் வீதம் அதற்கே 3 மணி 20 நிமிடம் ஆகும். காலை ஒரு மணி நேரத்தில் பத்துப் பேரையும் ஒரே பணியாளர் குளிப்பாட்டி முடித்ததாகப் பதிவேடு கூறுமாயின், பதிவேடு தவறானது. அல்லது குளிப்பாட்டிய முறை தவறானது.

ஆகையால் அதிகாரி கேட்க வேண்டியது மொத்தப் பணியாளர் எண்ணிக்கையை அன்று. சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருந்தவர் யாவர் என்பதையே. சம்பளப் பட்டியலையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட்டால் விடை கிடைக்கும். அமெரிக்காவில் இல்லங்களே எழுதித் தந்த ஆட்கணக்கை நம்பி 2008 முதல் நட்சத்திரத் தர வரிசை வெளியிடப்பட்டு வந்தது. சம்பளக் கணக்கின் அடிப்படையிலான விவரத்தைத் தர வேண்டும் என 2016-இல் கட்டாயமாக்கப்பட்டது. அவ்விவரங்களை ஆராய்ந்தபோது, வார இறுதி நாள்களில் பணியாளர் எண்ணிக்கை வெகுவாகக் குறைவது வெளிப்பட்டது.

உடல் தரும் சான்று

பேச இயலாதவருக்காக அவர் உடல் பேசுகின்றது. அதனைப் படிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை.

முதலாவது எடை. மாதந்தோறும் ஒரே தராசில் எடை பார்த்து எழுதும் இல்லம், தன் உணவைப் பற்றித் தானே சான்று தருகின்றது. ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடோ, ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ விரும்பாமலே குறைவது எச்சரிக்கை என்பது பன்னாட்டு வழக்கு. 50 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் காரணம் தேட வேண்டும். பல்செட்டு பொருந்தாமல் இருக்கலாம், ஊட்டிவிடுபவர் அவசரப்பட்டிருக்கலாம், அவர் வாழ்நாளில் உண்டறியாத சமையலாக இருக்கலாம். உணவு வேளைகளின் இடைவெளியும் நோக்கத்தக்கது. சமையற்காரர் நேரத்தோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக மாலை 6 மணிக்கே இரவுணவை முடித்துவிட்டு, மறுநாள் எட்டரைக்குக் காலை உணவு தரும் இல்லத்தில் முதியோர் நாள்தோறும் பதினாலரை மணி நேரம் வயிறு காய்கின்றனர். நீரிழிவு நோயாளிக்கு இது வெறும் அசௌகரியம் அன்று, ஆபத்து.

இரண்டாவது படுக்கைப் புண். நகர இயலாதவரை உரிய கால இடைவெளியில் புரட்டிப் படுக்கவைத்தும், ஈரத் துணியை உடனே மாற்றியும் வந்தால் பெரும்பாலான புண்களைத் தடுக்கலாம். எவருக்கு இது வரக்கூடும் என்பதை முன்னறிய இங்கிலாந்துச் செவிலியர் டோரீன் நார்ட்டன் 1962-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகின்றது: உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மல அடக்கம் ஆகிய ஐந்திற்கும் நான்கு வரை மதிப்பெண் தந்து கூட்டினால், 14 அல்லது அதற்குக் குறைவாக வருபவர் ஆபத்தில் உள்ளவர். இதனை இட இரண்டு நிமிடம் போதும். புண் இல்லத்தில் வந்ததா, மருத்துவமனையிலிருந்து திரும்பியபோதே இருந்ததா என்பதைச் சேர்க்கை நாள் குறிப்பு காட்ட வேண்டும். அக்குறிப்பே இல்லாத இல்லம் பழியை எப்போதும் மருத்துவமனை மீதே போடும்.

மூன்றாவது, கீழே விழுதல். இங்குதான் எண்கள் ஏமாற்றும். 40 பேர் வாழும் இல்லத்தில் 30 நாளில் 1,200 நபர்-நாள்கள் உண்டு. ஆறு பேர் விழுந்ததாக எழுதப்பட்டிருந்தால் ஆயிரம் நபர்-நாளுக்கு ஐந்து என்றாகின்றது. அதே அளவுள்ள மற்றோர் இல்லத்தில் ஒருவரும் விழவில்லை எனப் பதிவேடு காட்டுகின்றது. இரண்டாவதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. அங்கு விழுந்ததை எழுதும் வழக்கமே இல்லாதிருக்கலாம். அல்லது எழுந்து நடந்தால்தானே விழுவார் என்று கட்டிலின் பக்கத் தடுப்பை ஏற்றிவிட்டு, புடைவைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம். கட்டப்பட்டவர் விழமாட்டார், சில வாரங்களில் நிற்கும் ஆற்றலையும் இழப்பார். ஒழுங்குக்காகவோ பணியாளர் வசதிக்காகவோ முதியவரைக் கட்டிவைக்கலாகாது என அமெரிக்கா 1987-இல் சட்டமியற்றிய பின் அங்கு அவ்வழக்கம் பெரிதும் குறைந்தது. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கின்றது. முதியோர் இல்லத்துத் துணிக்கட்டு எவர் கண்ணிலும் படுவதில்லை.

துணிக்குப் பதில் மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். முதியோர் இல்லங்களில் வாழ்வோருக்கு ஒவ்வாத மருந்துகளின் பட்டியலை மார்க் பியர்ஸ் என்னும் மருத்துவர் தம் குழுவினருடன் 1991-இல் வெளியிட்டபோது, உறக்க மருந்துகள் பல அதில் இடம்பெற்றன. காலை பதினொரு மணிக்கு இல்லத்தைச் சுற்றிவரும்போது எத்தனை பேர் உறங்குகின்றனர் என்று எண்ணிப் பார்ப்பதும், அவர்களது மருந்துச் சீட்டில் உறக்க மாத்திரையை எழுதியவர் யார், கடைசியாக அதை மறுபரிசீலனை செய்த நாள் எது என்று பார்ப்பதும் போதிய தகவலைத் தரும்.

டயப்பர் பற்றியும் கூறியாக வேண்டும். கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குச் செல்லக்கூடியவருக்கும், அழைத்துச் செல்ல ஆளில்லாமையால் டயப்பர் அணிவிக்கும் வழக்கம் பரவியுள்ளது. 'அதிலேயே போய்விடுங்கள்' என்று ஒரு முறை சொல்லப்பட்டவர் அடுத்த நாள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றார். நீர் குறைவதால் சிறுநீர்த் தொற்று, தொற்றினால் மனக்குழப்பம், குழப்பத்திற்கு உறக்க மாத்திரை. சேர்ந்த நாளில் தாமே கழிப்பறை சென்றவர் எத்தனை பேர், அவர்களுள் இன்று டயப்பரில் இருப்போர் எத்தனை பேர் என்ற ஒரு கேள்வி, வழவழப்பான தரையையும் பூந்தோட்டத்தையும் விட அதிகம் சொல்லும்.

ஒப்பிடுவதில் உள்ள பிழை

இவ்வெண்களைக் கொண்டு இரண்டு இல்லங்களை ஒப்பிடுமுன், அங்கு வாழ்வோர் ஒப்பத்தக்கவர்தாமா என்று பார்க்க வேண்டும். சிட்னி காட்ஸ் என்பார் 1963-இல் வெளியிட்ட அட்டவணை இதற்கு உதவும். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறில் எத்தனையைத் தாமே செய்கின்றார் என்பதே கணக்கு. படுத்த படுக்கையானோரை ஏற்கும் இல்லத்தில் புண்ணும் இறப்பும் மிகுந்தே இருக்கும்.

நம் நாட்டு இல்லங்கள் பலவற்றின் சேர்க்கைப் படிவத்தில், தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக் கூடியவராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை காணப்படுகின்றது. அதன் மறுபக்கம், அந்நிலை மாறும்போது உறவினர் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது. பராமரிப்பு தேவையற்ற காலம் வரை பராமரிப்போம் என்பதே இதன் பொருள். இத்தகைய இல்லத்தின் பதிவேடுகள் மாசற்றுத் திகழ்வதில் வியப்பில்லை. ஆகவே சென்ற இரண்டாண்டுகளில் இல்லத்தை விட்டு நீங்கியோர் பட்டியலைப் பெற்று, ஒவ்வொருவரும் எங்கு சென்றனர் என்று கேட்பது மதிப்பீட்டின் இன்றியமையாத பகுதியாகும். நீங்கிச் செல்ல வேறிடமே இல்லாத வறியோர் விஷயத்தில் இக்கேள்வி மேலும் கூர்மையடைகின்றது.

வாழ்வின் தரம்

புண்ணின்றிக் காப்பது மட்டுமே பராமரிப்பன்று. பீட்டர் டவுன்சென்ட் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களைக் கண்டு 1962-இல் வெளியிட்ட ஆய்வு, தூய்மையான இல்லங்களிலும் முதியோர் செய்வதற்கு ஒன்றுமின்றி, தமக்கென ஓரிடமின்றி, தனித்துக் கிடந்ததைக் காட்டியது. 1976-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஓர் இல்லத்தில் செய்த சோதனையில், ஒரு தளத்தினருக்குத் தத்தம் செடியைத் தாமே தேர்ந்து வளர்க்கவும், அன்றாடச் சிறு முடிவுகளைத் தாமே எடுக்கவும் இடமளிக்கப்பட்டது. மற்றொரு தளத்தினருக்கு எல்லாவற்றையும் பணியாளரே செய்தனர். மூன்று வாரத்தில் முதல் தளத்தினர் அதிகச் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் பெற்றிருந்தனர். சிறிய சோதனையாதலின் அதன் எண்களுக்கு மிகுந்த எடை தரலாகாது. எனினும் அது காட்டிய திசை தவறன்று.

இந்தியச் சூழலில் இவ்வுரிமை மிகச் சிறிய செயல்களில் தென்படுகின்றது. எப்போது எழுவது, காப்பியா தேநீரா, பெட்டியின் சாவி யாரிடம் இருப்பது, பூசையோ தொழுகையோ தம் வழக்கப்படி செய்ய இயலுமா, குளிக்கும்போது கதவு சாத்தப்படுகின்றதா என்பனவே அவை. மொழியும் அவற்றுள் ஒன்று. விருந்தாவனத்தில் கைம்பெண்களுக்காக மத்திய அரசு அமைத்து 2018-இல் திறந்துவைத்த கிருஷ்ணா குடீர் 1,000 பேருக்கு இடமளிக்கக்கூடியது. அந்நகருக்கு வந்து சேரும் கைம்பெண்களில் பெரும் பகுதியினர் வங்காளத்தினர். மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவித் தாய்மொழியே எஞ்சுவது பலரிடமும் காணப்படுவதாகும். தாகம் என்பதை வங்காளியில் சொல்பவருக்கு, அதை விளங்கிக்கொள்ளும் பணியாளர் ஒருவரேனும் ஒவ்வொரு முறைப்பணியிலும் இருப்பது ஆடம்பரமன்று.

ஆய்வு செய்யும் முறை

முன்னறிவிப்புடன் காலை பதினொரு மணிக்குச் செல்லும் அதிகாரி, புதிய போர்வைகளையே காண்பார். காலை ஆறு மணியும், இரவு உணவு வேளையும், விடுமுறை நாளும் உண்மையைக் காட்டும் நேரங்கள். முதியோரிடம் தனியே பேச வேண்டும். மேலாளர் அருகில் நிற்கும்போது பெறப்படும் 'நன்றாகத்தான் இருக்கின்றோம்' என்னும் விடைக்கு மதிப்பில்லை. 'இங்கு எப்படி இருக்கின்றது?' என்னும் பொதுக் கேள்வியினும், 'நேற்றிரவு மணியடித்தீர்களா, எவ்வளவு நேரத்தில் வந்தார்கள்?' என்பது நற்பயன் தரும். பணியாளரையும் கேட்க வேண்டும். எத்தனை மாதமாக வேலை பார்க்கின்றார், ஊதியம் நாள் தவறாமல் கிடைக்கின்றதா, ஒருவரைத் தூக்கிப் படுக்கவைக்கும் முறையை யார் கற்பித்தார் என்பவை முதியோரின் நலனைத் தொடும் கேள்விகளே. ஆறு மாதத்திற்கொரு முறை ஆட்கள் மாறும் இல்லத்தில், எந்த முதியவருக்கு எந்தப் பக்கம் காது கேளாது என்பதை அறிந்தவர் எவரும் இரார்.

குறைப் புத்தகம் வெறுமையாக இருப்பது நிறைவின் அடையாளம் அன்று. இருபது குறைகளும் அவற்றிற்கு எடுத்த நடவடிக்கையும் எழுதப்பட்ட புத்தகமே நம்பிக்கைக்குரியது. வெளியிலிருந்து கேட்கும் வழியும் திறந்திருக்க வேண்டும். 2021 அக்டோபர் முதல் நாட்டளவில் இயங்கும் 14567 என்னும் முதியோர் உதவித் தொலைபேசி எண் இல்லத்தின் உணவுக்கூடத்தில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டுள்ளதா, அதை அழைக்க முதியோர் கையில் தொலைபேசி உண்டா என்பதும் ஆய்வுக் குறிப்பில் இடம்பெற வேண்டியவை.

இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையத்தின் ஆய்வறிக்கைகள் இல்லத்தின் பெயருடன் வெளியிடப்படுகின்றன. தாயைச் சேர்க்க விரும்பும் மகள் அதைப் படித்துவிட்டு முடிவு செய்கின்றாள். நம் மாவட்டங்களில் சமூக நல அலுவலர் எழுதும் ஆய்வறிக்கை மானியத்தைப் புதுப்பிக்கும் கோப்பில் சேர்ந்து, அங்கேயே தங்கிவிடுகின்றது. அவ்வறிக்கையின் பிரதியொன்றை இல்லத்தின் வாயிலிலும் மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும்.